பிப்ரவரி வந்தால் பாசி கருகிவிடுகிறது, இது மூன்றாவது வருஷம்

ஆறாம்மாடி | பிப்ரவரி 9
வணக்கம். ரங்கூன் நகரத்துக்கு நடுவில் ஆறாவது மாடி, லிஃப்ட் கிடையாது, மேற்குப் பார்த்த பால்கனி. நான்கு போன்சாய் வைத்திருக்கிறேன். பழைய கட்டடச் சுவர் இடுக்கிலிருந்து பிடுங்கி வந்த அரசமரம் ஒன்று, சின்ன இலை ஆல் ஒன்று, புளி ஒன்று, வாட்டர் ஜாஸ்மின் ஒன்று. நான்குக்கும் மேல்மண் தெரியாமல் பச்சை மெத்தை மாதிரி பாசி போட வேண்டும் என்பது ஆசை. ஒவ்வொரு ஜூலையிலும் பின்சந்துச் சுவரில் கத்தியால் சுரண்டி எடுத்து வந்து ஒட்டுகிறேன், தீபாவளி வரைக்கும் பார்ப்பவர்கள் வாயைப் பிளக்கிறார்கள். தை பிறந்ததும் ஓரம் மஞ்சளாகிறது, பிப்ரவரியில் டீத்தூள் மாதிரி ஆகிவிடுகிறது. ஒரு நாளைக்கு மூன்று தடவை ஸ்பிரே அடிக்கிறேன். போன மாதம் ஷான் மலைப்பக்கம் கலோ ஊருக்குப் போய் வந்த ஒருவர் காட்டிலிருந்து வெள்ளை கலந்த பச்சையில் ஒரு பந்துப் பாசி கொண்டு வந்து கொடுத்தார், அதுவும் இரண்டே வாரத்தில் போய்விட்டது. என்ன தப்பு செய்கிறேன்?

மாந்தளே_வெயில் | பிப்ரவரி 9
தப்பு ஒன்றுதான் தம்பி, பாசி வைப்பது. எடுத்துப் போடு. செங்கல்லை உடைத்து, மிளகு அளவுக்குச் சலித்து, ஒரு விரல் கனத்துக்கு மேலே பரப்பு. வேலை முடிந்தது.

தாளாக்கரை | பிப்ரவரி 9
அண்ணன் வந்ததும் வராததுமாகத் தீர்ப்பு சொல்லிவிட்டார் 😄 மச்சான், மோரும் பாசியும் மிக்ஸியில் அடித்துத் தடவினால் வரும் என்கிறார்களே, அதைச் செய்து பார்த்தாயா?

மேமியோ_தோட்டம் | பிப்ரவரி 10
மோர் விஷயம் அப்புறம். முதலில் ஒரு சோதனை. கருகியது என்று சொல்கிற பாசியில் ஒரு ரூபாய்க் காசு அளவு பிய்த்து, ஒரு சாஸரில் தண்ணீர் விட்டு அரை மணி நேரம் வை. குழாய்த் தண்ணீர் வேண்டாம், குடிக்கிற தண்ணீர் விடு. பச்சை திரும்பினால் அது சாகவில்லை, தூங்குகிறது.

பாசிக்கு வேர் கிடையாது. அடியில் நூல் மாதிரி இருப்பது பிடித்துக்கொள்வதற்குத்தான், பெரும்பாலான பாசிகள் தண்ணீரை இலை வழியாகவே எடுத்துக்கொள்கின்றன. அதனால் மண் ஈரமாக இருந்தும் காற்று காய்ந்து கிடந்தால் அது காய்ந்துவிடும். காய்வதும் அதற்குப் பழக்கம்தான். உங்கள் பின்சந்துச் சுவரில் இருப்பது அநேகமாக ஹயோஃபைலா வகையாக இருக்கும், சுண்ணாம்பு, சிமென்ட் என்றால் அதற்கு உயிர், வெயில் வந்தால் இலையை உள்ளே சுருட்டிக்கொண்டு பழுப்பாக உட்கார்ந்திருக்கும், முதல் மழைக்கு விரியும். நடைபாதைக் கல் இடுக்கில் வெள்ளி மினுக்கத்தோடு குட்டையாக இருக்கிறதே, அது பிரையம் ஆர்ஜென்டியம். இலை நுனியில் பச்சையம் இல்லாததால்தான் அந்த வெள்ளி நிறம். போன்சாய்க்கு நான் கண்ட வரையில் அதுதான் முதல் தரம், ஏனென்றால் உயரமாக வளராது, சின்ன மரத்தின் அடியில் புல்வெளி மாதிரியே தெரியும், வெயிலும் ஓரளவு தாங்கும்.

கலோவிலிருந்து வந்த வெள்ளைப் பந்து லூக்கோபிரையமாக இருக்க வேண்டும். அது 1,300 மீட்டர் உயரத்தில் பைன் மரத்தடி நிழலில் இருந்தது, அதைக் கொண்டுவந்து மேற்கு வெயிலில் வைத்தால் வேறென்ன செய்யும். அதற்காக வருத்தப்படாதீர்கள், ஆனால் இனிமேல் யாரையும் கொண்டுவரச் சொல்லாதீர்கள். அந்த அளவுக்குப் பந்தாக வளர அதற்கு எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும்.

ஆறாம்மாடி | பிப்ரவரி 10
ஐயா, சோதனை செய்துவிட்டேன். சுவர்ப் பாசி பத்தே நிமிஷத்தில் பச்சையாகிவிட்டது! என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவள் "இதற்கா என்னை அடுப்படியிலிருந்து கூப்பிட்டீர்கள்" என்று போய்விட்டாள். கலோ பாசி அப்படியே கிடக்கிறது, ஒரு மாற்றமும் இல்லை. அப்புறம் ஒன்று கவனித்தேன், சுவர்ப் பாசியின் மேல் உப்பு மாதிரி வெள்ளையாகப் படிந்திருக்கிறது.

மேமியோ_தோட்டம் | பிப்ரவரி 10
ஆழ்குழாய்த் தண்ணீர்தானே?

ஆறாம்மாடி | பிப்ரவரி 10
ஆமாம் ஐயா. கரண்ட் வரும்போது மோட்டார் போட்டு மேலே தொட்டியில் ஏற்றுவோம்.

மேமியோ_தோட்டம் | பிப்ரவரி 11
அதுதான். கடினத் தண்ணீரை மூன்று வேளையும் ஸ்பிரே அடித்தால் தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு மட்டும் இலை மேலேயே தங்கும். மழை அதைக் கழுவிவிடும், ஸ்பிரே கழுவாது. நீங்கள் அக்கறையாக அடித்த ஒவ்வொரு ஸ்பிரேயும் ஒரு பூச்சு ஆகிவிட்டது. மழைத் தண்ணீர் பிடித்து வைத்தால் நல்லது. இப்போதைக்கு வீட்டுக்கு வாங்குகிற 20 லிட்டர் பாட்டில் தண்ணீரில் ஒரு டம்ளர் எடுத்து அடியுங்கள், நான்கு தொட்டிக்கு அது போதும்.

தாளாக்கரை | பிப்ரவரி 11
பாசிக்குப் பாட்டில் தண்ணீர்! எங்கள் தாளாவில் ஏப்ரலில் குளம் வற்றிவிடும் ஐயா, குடிக்கிற தண்ணீருக்கே குடத்தோடு வரிசையில் நிற்போம். ரங்கூனுக்கு எதிரே, ஆற்றுக்கு இந்தக் கரையில் இதைப் படித்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. கோபமாகச் சொல்லவில்லை, சொல்லத் தோன்றியது.

மேமியோ_தோட்டம் | பிப்ரவரி 11
நியாயமான பேச்சு. அப்படியானால் கோடையில் பாசிக்குத் தண்ணீரே காட்ட வேண்டாம், தூங்கட்டும். மரத்துக்கு மட்டும் ஊற்று.

மாந்தளே_வெயில் | பிப்ரவரி 12
இப்போது நான் ஏன் பாசி வேண்டாம் என்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கிழவன் சும்மா எரிந்து விழுகிறான் என்று நினைப்பீர்கள்.

என்னிடம் ஒரு புளி இருந்தது. என் அப்பா பழம் தின்றுவிட்டுப் போட்ட கொட்டையில் முளைத்தது, இருபத்தைந்து வருஷம் வளர்த்தேன். அடிமரம் என் முன்கைக் கனம். எங்கள் மாந்தளேயில், ரங்கூனில் பெய்வதில் மூன்றில் ஒரு பங்கு மழைதான், ஆனாலும் எனக்கும் அந்தப் பச்சை மெத்தை ஆசை வந்தது. கிணற்றடியில் இருந்த பாசியை அடை அடையாக எடுத்து, மண்ணோடு, இரண்டு விரல் கனத்துக்கு இடைவெளி விடாமல் ஒட்டினேன். பார்க்க அவ்வளவு அழகு. மார்ச் மாதம் பாசி காய்ந்தது. காய்ந்த பாசி என்ன செய்யும் தெரியுமா, ஓலைக் கூரை மாதிரி தண்ணீரைத் தள்ளிவிடும். நான் ஊற்றுகிற தண்ணீர் மேலே ஓடி, தொட்டியின் ஓரத்தில் இறங்கி, அடி ஓட்டை வழியாக வெளியே வந்துவிடும். வெளியே வருகிறதே, நனைந்துவிட்டது என்று நினைத்தேன். மேலே தொட்டால் ஈரம். அதனால் நம்பினேன்.

இலை உதிர ஆரம்பித்தது. தண்ணீர் அதிகமாகிவிட்டது போலிருக்கிறது என்று நானே முடிவு செய்து, ஊற்றுவதைக் குறைத்தேன். குறைத்தேன்! கடைசியில் மரத்தைத் தூக்கிப் பார்த்தபோது வேர்க்கட்டு நடுவில் ரஸ்க் மாதிரி காய்ந்து, கையில் வைத்து அமுக்கினால் பொடியாக உதிர்ந்தது. ஏப்ரல் புத்தாண்டுக்கு ஒருவர் மேல் ஒருவர் ஊற்றுகிற திஞ்ஜான் தண்ணீர் ஊர் முழுக்கக் கொட்டிக்கொண்டிருந்தது, என் புளி தாகத்தில் செத்துக் கிடந்தது.

செங்கல் பொடி போட்டால் ஒரு வசதி. காய்ந்தால் நிறம் வெளுக்கும், நனைந்தால் கறுக்கும். அரை கஜம் தள்ளி நின்றே தெரிந்துவிடும்.

மோல்மேன்_மழை | பிப்ரவரி 12
அண்ணே, படித்ததும் மனசு என்னவோ போல் ஆகிவிட்டது.

எங்கள் ஊர்க் கதை நேர் எதிர். மோல்மேனில் வருஷத்துக்கு 4,800 மில்லிமீட்டர் பக்கம் மழை, அதில் முக்கால்வாசிக்கு மேல் நான்கைந்து மாதத்தில் கொட்டித் தீர்க்கும். நான் ஒரு நாளும் பாசி ஒட்டியதில்லை, சுரண்டுவதுதான் என் வேலை. விட்டால் வேர் மேல் ஏறும், அடிமரத்தில் ஏறும், கிளைக்குப் போகும். வேர் பரந்து மண்ணைப் பிடித்திருக்கிற அந்த அழகு எல்லாம் மூடிப்போகும், வருஷக்கணக்காகப் பாடுபட்டு வரவழைத்த வெடிப்புப் பட்டை ஈரத்தில் ஊறிப் பொத்தலாகிவிடும். பழைய பல்துலக்கும் பிரஷை நனைத்து, கீழேயிருந்து மேலே மெதுவாகத் தேய்த்து எடுப்பேன். காடியை, அதாவது வினிகரை, தொட்டுத் தடவினாலும் பாசி சாகும், ஆனால் மண்ணில் சிந்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், பிரஷில் தொட்டு அந்த இடத்தில் மட்டும்.

இன்னொன்று, பச்சையாக இருப்பதெல்லாம் ஒன்றல்ல. தமிழில் எல்லாவற்றுக்கும் பாசி என்று ஒரே பெயர் வைத்துவிட்டோம், பர்மியர்களும் யேஞி என்றே இரண்டையும் சொல்கிறார்கள், அதனால் பலருக்குக் குழப்பம். குளத்துப் படியில் வழுக்கிவிடுகிற பாசி வேறு, வெல்வெட் மாதிரி இருக்கிற பாசி வேறு. வழுக்குகிற பச்சைப் படலமோ கருப்பாக ஜெல்லி மாதிரியோ மண் மேல் வந்தால் வடிகால் சரியில்லை என்று அர்த்தம். அதைவிட மோசம், தட்டையாக இலை விரித்து மேலே குட்டிக் குட்டிக் கிண்ணம் வைத்திருக்குமே, மார்க்கான்ஷியா. அது படர்ந்தால் மண்ணுக்கு மூச்சே விடாது. அதைக் கண்டால் நான் மேல்மண்ணோடு வழித்தெடுத்துக் குப்பையில் போட்டுவிடுவேன். பக்கத்துத் தொட்டிக்கும் எறியக்கூடாது, மழைத்துளி அந்தக் கிண்ணத்தில் விழுந்தால் போதும், உள்ளே இருக்கிற விதை மாதிரியானதைத் தெறிக்கவிட்டுப் பரப்பிவிடும்.

ஆறாம்மாடி | பிப்ரவரி 13
அப்படியென்றால் ஜப்பானில் எல்லா மரத்தின் அடியிலும் பச்சைப் பசேலென்று இருக்கிறதே, அது எப்படி? படத்தில் பார்த்துத்தானே எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது.

மேமியோ_தோட்டம் | பிப்ரவரி 13
நீங்கள் பார்ப்பது கண்காட்சிப் படம். டோக்கியோவில் 1934 முதல் நடக்கிற கொக்குஃபு போன்சாய்க் கண்காட்சி மாதிரி இடங்களுக்குப் போகிற மரங்களுக்கு, கிளம்புவதற்குச் சற்று முன்னால்தான் பாசி ஒட்டி அழகு பார்க்கிறார்கள், திரும்பி வந்ததும் பலர் எடுத்துவிடுகிறார்கள். கல்யாணப் பெண்ணுக்குப் பட்டுப்புடவை மாதிரி. வீட்டில் தினமும் பட்டா கட்டுகிறாள்? மற்ற நாளில் அங்கேயும் பல தோட்டங்களில் நறுக்கிய ஸ்பாக்னம்தான், அதாவது காயவைத்த சதுப்புநிலப் பாசிதான், மேலே தூவிக் கிடக்கும்.

கியோட்டோவில் சைஹோஜி என்று ஒரு கோயில், பாசிக் கோயில் என்றே பெயர், சுமார் 120 வகைப் பாசி இருக்கிறதாம். அதைக்கூட யாரும் உட்கார்ந்து நடவில்லை, கவனிப்பார் இல்லாமல் தோட்டம் கிடந்த காலத்தில் தானாக வந்து பரவியது. இப்போது அதைக் காப்பாற்றத்தான் ஆட்கள் வேலை செய்கிறார்கள்.

மாந்தளே அண்ணன் சொன்னதில் பாதி எனக்கு உடன்பாடு. அவர் புளியைக் கொன்றது பாசியின் கனமும் மூடாக்கும். மண்ணோடு அடையாகப் பெயர்த்து ஒட்டியதுதான் தவறு. கத்தியைப் படுக்கவைத்து, அடி மண்ணைச் சீவி, தோசை கனத்துக்கும் குறைவாக்கி, துண்டு துண்டாக, நடுவில் விரல் போகிற இடைவெளி விட்டு ஒட்டியிருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கும். மரத்தின் கழுத்தை ஒட்டி எப்போதும் ஒரு வட்டம் வெறுமையாக இருக்கட்டும். எனக்குப் பாசி தேவைப்படுவது வேறு காரணத்துக்கு. வெறும் மண்ணில் தண்ணீர் ஊற்றினால் மேல்மண் கரைந்து ஓடும், மேல் ஒரு அங்குலம் சீக்கிரம் காய்ந்து அங்கே வேர் வராமல் போகும். மூடி இருந்தால் மேல் வரை சல்லிவேர் வரும். அந்த வேலையை உங்கள் செங்கல் பொடியும் ஓரளவு செய்யும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மாந்தளே_வெயில் | பிப்ரவரி 13
பாதி போதும். நன்றி.

தாளாக்கரை | பிப்ரவரி 15
மோர் பற்றி யாரும் பதில் சொல்லவில்லை, நானே செய்து பார்த்துவிட்டேன். இரண்டு நாளில் வெள்ளைப் பூஞ்சை. மூன்றாம் நாள் எறும்பு. நான்காம் நாள் மாமியார்.

கம்பவுண்டர் | பிப்ரவரி 15
ஸ்பாக்னம் என்று பேச்சு வந்ததால் ஒரு வார்த்தை. எடைக்கு இருபது மடங்கு வரை தண்ணீர் பிடிக்கும், நல்ல பொருள்தான், ஆனால் வெறும் கையால் பிசையாதீர்கள், அதுவும் கையில் முள் கீறலோ வெட்டோ இருந்தால் தொடவே வேண்டாம். அதில் ஸ்போரோட்ரிக்ஸ் என்ற பூஞ்சை இருக்கலாம். கீறல் வழியாக உள்ளே போனால் முதலில் ஒரு கட்டி வரும், வலி பெரிதாக இருக்காது, அப்புறம் கையில் மேல்நோக்கி வரிசையாகக் கட்டி வரும். மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டியிருக்கும். கையுறை போடுங்கள், பொடி பறக்காமல் இருக்க நனைத்துவிட்டு நறுக்குங்கள். காகிதப்பூ வளர்க்கிறவர்களுக்குக் குறிப்பாகச் சொல்கிறேன், உங்கள் கையில் கீறல் இல்லாத நாள் கிடையாது.

ஆறாம்மாடி | பிப்ரவரி 16
இதெல்லாம் யாருமே சொன்னதில்லை. சரி, முடிவு செய்துவிட்டேன். தூங்குகிற பாசியை எடுத்து ஒரு காகித உறையில் போட்டு வைக்கிறேன். கோடைக்குச் செங்கல் பொடி. அண்ணே, பழைய செங்கல்லா புதுச் செங்கல்லா?

மாந்தளே_வெயில் | பிப்ரவரி 16
பழையது. ஆனால் சிமென்ட், சுண்ணாம்பு ஒட்டியிருந்தால் கொத்தி எடுத்துவிடு. வேகாத செங்கல் வேண்டாம், மழையில் சேறாகிவிடும். தட்டினால் கணீரென்று சத்தம் வர வேண்டும். உடைத்த பிறகு தூளைச் சலித்துத் தள்ளிவிட்டுக் கழுவு, இல்லாவிட்டால் அந்தத் தூளே வடிகாலை அடைக்கும்.

மேமியோ_தோட்டம் | பிப்ரவரி 17
எடுத்து வைக்கிற பாசியை அப்படியே ஜூனில் ஒட்ட வேண்டாம், பொடியாக்கித் தூவுங்கள். நிழலில் காகிதத்தில் பரப்பி நன்றாகக் காயவிட்டு, மாவுச் சல்லடையில் வைத்து உள்ளங்கையால் தேயுங்கள். அடியில் விழுவதோடு அதே அளவு நறுக்கிச் சலித்த ஸ்பாக்னம் சேருங்கள், கையுறையோடு, கம்பவுண்டர் கோபித்துக்கொள்வார். மழை பிடித்ததும் தொட்டியின் மேல்பரப்பை நனைத்து, தோசைக்கு எள்ளுப்பொடி தூவுகிற மாதிரி லேசாகத் தூவி, உள்ளங்கையால் அமுக்கி, முதல் இரண்டு வாரம் நேர் மழையில் வைக்காமல் ஸ்பிரே மட்டும். ஆறு முதல் எட்டு வாரத்தில் பச்சை பூசும். தூவியது அந்த இடத்துக்கு ஏற்ற தடிமனில் தானாக வளர்வதால் இது கூரையாகாது, தண்ணீரும் இறங்கும்.

உரம் என்ன போடுகிறீர்கள்?

ஆறாம்மாடி | பிப்ரவரி 17
கடலைப் புண்ணாக்கு. கட்டியாக மேலே வைத்துவிடுவேன்.

மேமியோ_தோட்டம் | பிப்ரவரி 17
புண்ணாக்கு வைத்த இடத்தில் வட்டமாகப் பாசி கருகியிருக்குமே? சின்னத் துணிப்பையிலோ குடித்த டீப்பையிலோ போட்டு ஓரத்தில் வையுங்கள், இடத்தை மாற்றிக்கொண்டே இருங்கள். தாமிர மருந்து அடித்தாலும் பாசி போய்விடும், அதையும் நினைவில் வையுங்கள்.

தாளாக்கரை | மார்ச் 2
மச்சான், காக்கையை மறந்துவிட்டோம். எங்கள் வீட்டில் எது ஒட்டினாலும் காலையில் பிய்த்துப் போட்டிருக்கிறது, அடியில் புழு தேடுகிறதா கூட்டுக்கு எடுக்கிறதா தெரியவில்லை. உனக்கு ஆறாம் மாடியிலும் வருகிறதா?

ஆறாம்மாடி | மார்ச் 2
ரங்கூன் காக்கைக்கு மாடி கணக்கா? பழைய கொசுவலையை வெட்டித் தொட்டி மேல் போர்த்தி, நான்கு பக்கமும் கல் வைத்திருக்கிறேன். பார்க்கத்தான் சகிக்கவில்லை.

மோல்மேன்_மழை | மார்ச் 3
வலையை நிரந்தரமாக வைக்காதே தம்பி, பாசி வலைக் கண்ணுக்குள் ஏறிப் பின்னிக்கொள்ளும், எடுக்கும்போது எல்லாம் சேர்ந்து வரும். இரண்டு வாரம் பிடிக்கிற வரைக்கும் போதும்.

ஆறாம்மாடி | ஜூலை 21
எல்லோருக்கும் ஒரு செய்தி சொல்ல வந்தேன். ஜூன் 5 வாக்கில் இரண்டு தொட்டியில் ஐயா சொன்னபடி பொடி தூவினேன், அரசுக்கும் வாட்டர் ஜாஸ்மினுக்கும். புளிக்கு ஒன்றும் போடவில்லை, மாந்தளே அண்ணன் கதையைப் படித்த பிறகு கை வரவில்லை, வெறும் செங்கல் பொடிதான். ஆலுக்கும் செங்கல் பொடிதான், ஆனால் அது சோம்பேறித்தனம்.

தூவிய இரண்டும் நன்றாக வந்திருக்கின்றன, ஓரத்தில் வெள்ளி மினுக்குகூடத் தெரிகிறது. ஆனால் வேடிக்கை என்னவென்றால் தூவாத ஆலில் செங்கல் துண்டுகளின் மேலேயே தானாகப் பாசி வந்துவிட்டது, துண்டு துண்டாக, நடுநடுவில் சிவப்புத் தெரிய, நான் மூன்று வருஷம் ஒட்டியதைவிட இதுதான் அழகாக இருக்கிறது. துவண்டேயில் வாங்கிய பூச்சில்லாத மண்தொட்டி அது, தொட்டியின் வெளிப்பக்கத்திலும் படர்ந்திருக்கிறது. இதைச் சுரண்டவா விடவா?

மோல்மேன்_மழை | ஜூலை 21
தொட்டியில் இருப்பது இருக்கட்டும். மரத்தில் ஏறினால் மட்டும் பிரஷை எடு.

மேமியோ_தோட்டம் | ஜூலை 22
அருமை. ஜனவரியில் பழுப்பாகும், அப்போது ஸ்பிரேயைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து மரத்துக்கு மட்டும் ஊற்றுங்கள், பாசி மேல் ஈரத்தை நம்பாதீர்கள்.

மாந்தளே_வெயில் | ஜூலை 22
புளிக்கு வரவில்லையே?

ஆறாம்மாடி | ஜூலை 22
ஓரமாகக் கொஞ்சம் வந்திருக்கிறது அண்ணே. எடுத்துவிடட்டுமா?

மாந்தளே_வெயில் | ஜூலை 23
தானாக வந்ததை எதற்கு எடுக்கிறாய். இருக்கட்டும்.

தாளாக்கரை | ஜூலை 23
மச்சான், எனக்குக் கொஞ்சம் பொடி வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கரைக்கு வருகிறேன், ஆனால் ஆறு மாடி ஏற முட்டி ஒத்துழைக்காது.

ஆறாம்மாடி | ஜூலை 23
ஏற வேண்டாம். வாசலில் தொங்குகிற கயிறுகளில் பச்சைக் கிளிப் போட்டது என்னுடையது, இரண்டு தடவை இழு, மணி அடிக்கும். உறையில் போட்டு இறக்கிவிடுகிறேன். போன தடவை மாதிரி கிளிப்பையும் சேர்த்துக் கொண்டு போய்விடாதே.